ஒன்றும் கொடுக்காத செல்கள்

முப்பது நிமிடம். ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜின் மூடியை அழுத்தி மூடி, பிரேக் இல்லாமல் ஓட விட்டிருக்கிறேன், பிரேக் போட்டால் உள்ளே அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும் ரத்தம் நிற்கிற வேகத்தில் கலங்கிப்போகும், அதனால் அது சுற்றி முடித்துத் தானாக ஓய்கிறவரை இந்த அறையில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது, கையெழுத்துப் போடுவதைத் தவிர. போட மாட்டேன். காகிதத்தைக் கையுறைப் பெட்டிக்கு அடியில் செருகி வைத்திருக்கிறேன், பறந்துவிடக் கூடாதென்றா, கண்ணில் பட்டுத் தொலையக் கூடாதென்றா, எனக்கே தெரியவில்லை, மின்விசிறி கூட இல்லாத அறையில் காகிதம் எங்கே பறக்கும். நாலு மணிக்குள் வேண்டும் என்று என் கைடு பத்மநாபன் சார் சொல்லியிருக்கிறார். இப்போது மூன்று பத்து. உள்ளே சுற்றுவது என் ரத்தம்தான். காலையில் கீழே சிஸ்டர் நாற்பது மில்லி எடுத்தாள், "மூணாவது தடவை, வேற ஆளே கிடைக்கலையா மேடம்" என்றாள், கிடைக்கவில்லை என்றேன். பொய். மூன்றாவது தடவை தேவையே இல்லை. முதல் தடவையிலேயே விடை தெரிந்துவிட்டது, இரண்டாவது தடவை அது உறுதியாகிவிட்டது, மூன்றாவது தடவை செய்வது தள்ளிப்போடுவதற்கு. செண்பகவல்லி என்று ஊர் அம்மன் பெயரை வைத்துக்கொண்டு, கோவில்பட்டியில் பிறந்துவிட்டு, ஒரு காகிதத்துக்குப் பயந்து சொந்த ரத்தத்தைச் சுற்ற விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சு அரிக்கிறது. சொறியக் கூடாது, கையுறை போட்டிருக்கிறேன்.

ரத்தத்துக்குள் மோனோசைட் என்று ஒரு செல், அதைத் தட்டில் ஊற்றிச் சாப்பாடு கொடுத்து வைத்தால் சில நாளில் வளர்ந்து மேக்ரோபேஜ் ஆகிவிடும், உடம்புக்குள் வருகிற அழுக்கு, கிருமி, செத்த செல் எல்லாவற்றையும் விழுங்குகிற செல். இதற்கு ஞாபகம் கிடையாது என்றுதான் நாங்கள் எம்.எஸ்சி.யில் படித்தோம். ஞாபகம் வேறு செல்களின் வேலை, தடுப்பூசி போட்டால் கிருமியின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, பத்து வருடம் கழித்து வந்தாலும் நீதானே அது என்று பிடிக்கிற படித்த செல்கள் அவை. மேக்ரோபேஜ் வெறும் தூய்மைப் பணியாளர், வந்ததைத் தின்னும், மறந்துவிடும். அப்படித்தான் எழுதினோம், மார்க்கும் வாங்கினோம். அதற்கும் ஞாபகம் உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அது ஒரு மாதிரியான ஞாபகம். அடித்தது யார் என்று அதற்குத் தெரியாது, அடி வாங்கியது மட்டும் தெரியும். உள்ளே நூல்கண்டு மாதிரி சுருட்டி வைத்த டி.என்.ஏ. ஓரிடத்தில் அவிழ்ந்தபடியே இருந்துவிடுகிறது, அடுத்து யார் வந்தாலும், சம்பந்தமே இல்லாதவன் வந்தாலும், மூன்று மடங்கு கோபத்தோடு பாய்கிறது. நேற்று சார் என்னை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் "உனக்கு லாஜிக் வராது செண்பகா" என்றார், நான் வீட்டுக்குப் போய், என் புருஷன் கதிரேசன் போட்ட காபியில் சர்க்கரை கூடிவிட்டது என்று கத்தினேன். பாவம், அந்த மனுஷன் சர்க்கரையே போடவில்லை. இதில் ஒரு வேடிக்கை, அடி பலமாக விழுந்தால் செல் மரத்துப்போய்விடும், அடுத்த முறை அசையாது. துளித்துளியாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவில் பட்டால்தான் மூர்க்கமாகும். ஆறு வருடமாக சார் எனக்குத் துளித்துளியாகத்தான் கொடுக்கிறார். அவருக்கே அளவு தெரியாது.

அப்பாவுக்கு நாற்பத்தேழு வயது. தீப்பெட்டி ஆபீசில் கிளார்க், பீடி கிடையாது, குடி கிடையாது, மீன் கூட புரட்டாசி முழுக்கத் தொட மாட்டார், ஒரு மத்தியானம் ரிஜிஸ்தர் மேல் கவிழ்ந்தார், அவ்வளவுதான். மாரடைப்பு. டாக்டர் கொழுப்பு என்றார், சித்தப்பா விதி என்றார். நான் பதினேழு வயதில் வாஷ்பேசினைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் அப்பா பல் தேய்த்த வாஷ்பேசினில் தினமும் ரத்தம் இருக்கும். ஈறு வீங்கி, உப்பு வைத்துத் தேய்த்து, ரத்தம் துப்பி, "அதெல்லாம் பழகிடுச்சு தாயி" என்பார். பழகவில்லை அப்பா. உங்களுக்குப் பழகியது, உள்ளே இருந்த செல்லுக்குப் பழகவில்லை. ஈறிலிருந்து தினமும் துளித்துளியாகக் கிருமியின் துணுக்கு ரத்தத்தில் கலந்து, செல்கள் வருடக்கணக்காகக் கோபத்தைக் கற்றுக்கொண்டு, கடைசியில் இதயத்து ரத்தக்குழாய்ச் சுவரில் கிடந்த கொஞ்சம் கொழுப்பைப் பார்த்து அதன் மேல் பாய்ந்து வீக்கி உடைத்திருக்கலாம். இருக்கலாம். அந்த இருக்கலாம் என்பதை எடுத்துவிட்டு ஆம் என்றோ இல்லை என்றோ எழுதத்தான் நான் இந்த லேபுக்கு வந்தேன். ஈறு நோய் உள்ளவர்களின் செல்களுக்கு ஞாபகம் கூடுதலா? இதுதான் என் தீசிஸ். அப்பாவின் வாஷ்பேசின் என்று தலைப்பு வைக்க முடியாது, அதனால் இருபத்திரண்டு வார்த்தையில் இங்கிலீஷில் ஒரு தலைப்பு வைத்திருக்கிறோம். அப்பா இருந்திருந்தால் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு நல்லா இருக்கு தாயி என்று சொல்லியிருப்பார். இப்போது அழக் கூடாது, கண்ணைத் துடைக்க முடியாது, கையுறை.

ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினோம், திரும்பி வந்தது, ஒரே ஒரு கேள்வியோடு. ஒன்றும் கொடுக்காத செல்கள் ஏன் பாய்கின்றன? சரியான கேள்வி. ஒரு தட்டுக்கு முதல் நாள் லேசான சீண்டல் கொடுக்கிறோம், இன்னொரு தட்டுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை, இரண்டையும் ஆறு நாள் வைத்து அப்புறம் ஒரே மாதிரி சீண்டுகிறோம். முதல் தட்டு பாயவேண்டும், இரண்டாவது அமைதியாக இருக்கவேண்டும், அது அமைதியாக இருந்தால்தான் முதல் தட்டின் கோபத்துக்கு அர்த்தம். எங்கள் லேபில் இரண்டுமே பாய்ந்திருக்கின்றன, இது கொஞ்சம் கம்மியாக, அது கொஞ்சம் கூடுதலாக, நாங்கள் அந்தக் கொஞ்சத்தை வைத்துக் கோடு போட்டுப் படம் வரைந்திருக்கிறோம். யாரும் தொடாத செல்லுக்கு யார் கற்றுக்கொடுத்தது? சார் இதற்குப் பதில் எழுதிவிட்டார். அதுதான் கையுறைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் ஒப்பந்தப் பணியாளரின் கவனக்குறைவால் குறிப்பிட்ட சில பாட்டில்களில் அசுத்தம் சேர்ந்துவிட்டது, பணியாளர் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டுள்ளார், அவரைப் பணியிலிருந்து விடுவித்துவிட்டோம், மற்ற முடிவுகளுக்குப் பாதிப்பில்லை. மூன்று கையெழுத்துக்கு இடம். சார் போட்டாயிற்று. கீழே தமிழில், உருண்டையாக, ஸ்கூல் பிள்ளை மாதிரி, லூ. மேரி. பாட்டில் கழுவுகிற லூர்து அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. புது கையுறை வந்ததற்குக் கையெழுத்து என்று சொல்லி வாங்கியிருக்கிறார். பாவி மனுஷர், கையுறைக்காக எத்தனை தடவை அக்கா நடையாக நடந்தாள். நடுவில் ஒரு இடம் காலி, அது எனக்கு.

அக்கா காசிமேட்டிலிருந்து பத்தொன்பது வருடமாக வருகிறாள், இன்னும் ஒப்பந்தம்தான். அவள் கழுவுவதைப் பார்க்கவேண்டும். சோப்பு, ஏழு தடவை குழாய்த் தண்ணீர், மூன்று தடவை காய்ச்சி வடித்த தண்ணீர், அப்புறம் பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துச் சாய்ப்பாள். தண்ணீர் ஒரே துணி மாதிரி வழுக்கிப் போகவேண்டும், எங்காவது முத்துக் கட்டி நின்றால் அந்த பாட்டில் மறுபடியும் சோப்புக்குப் போகும். "முத்துக் கட்னா எண்ணெ கீதுன்னு அர்த்தம் கண்ணு" என்பாள், இதை எந்தப் புத்தகமும் அவளுக்குச் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் லீவு போட்ட நாளில் நான் உட்கார்ந்து எட்டு பாட்டில் கழுவினேன். அவள் முறையில், அவளை விட இரண்டு தடவை கூடுதலாக, நகம் வெளுக்கிற வரை. அதில் சாப்பாட்டுத் திரவம் கலந்து செல்களுக்குக் கொடுத்தேன், பக்கத்திலேயே உறை பிரிக்காத புது பிளாஸ்டிக் பாட்டிலில் கலந்து இன்னொரு தட்டுக்குக் கொடுத்தேன். ஆறு நாள். பிளாஸ்டிக் பாட்டில் தட்டு அமைதி, கைக்குழந்தை மாதிரி. கண்ணாடி பாட்டில் தட்டு பாய்ந்தது. ஆக, கழுவுவதில் குற்றமில்லை, என் பி.எச்டி. கையால் கழுவினாலும் அதேதான். ஏன் என்று எனக்குத் தெரியும், சாருக்கும் தெரியும், முதல் வருட மாணவனுக்குக் கூடத் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல். ஆட்டோகிளேவ் என்கிற பெரிய குக்கரில் நீராவி வைத்தால் கிருமி சாகும், செத்த கிருமியின் மேல்தோல் சாகாது, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். சோப்புக்கும் பயப்படாது, நீராவிக்கும் பயப்படாது, கண்ணுக்கும் தெரியாது. அது துளி இருந்தால் போதும், செல் அடி வாங்கியதாக எடுத்துக்கொள்ளும். அதைப் போக்க உலர் சூட்டில் சுடவேண்டும், இருநூற்றைம்பது டிகிரி, அரை மணி நேரம். அதற்கென்றே ஒரு ஓவன் வாங்கி மூலையில் வைத்திருக்கிறோம். நாலு வருடத்துக்கு முன்னால் அதன் சூட்டுக்கம்பி எரிந்துபோனது. ரிப்பேருக்கு எழுதிக் கேட்டேன், "கிருமி செத்தா போதும்மா, குக்கர்ல வெச்சிக்கோ" என்றார் சார். நானும் வைத்துக்கொண்டேன். இப்போது ஓவனுக்குள் பழைய ரிஜிஸ்தர்களும் ஆயுத பூஜை தட்டும் மணியும் இருக்கின்றன. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ஓடுகிற மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்போம், ஓடாத ஓவனுக்கும் வைப்போம், விட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளும் என்பது போல. நாலு வருடமும் வைத்தது நான்தான். எரிந்துபோன ஓவனுக்குப் பொட்டு வைத்துப் பொரி கொடுத்துக் கும்பிட்டுவிட்டு, சுடாத பாட்டிலில் கொண்டு போய் அப்பாவின் சாவுக்குக் காரணம் தேடியிருக்கிறேன்.

மூன்று இருபத்தைந்து. சரி, போடவில்லை என்றால் என்ன ஆகும்? தீசிஸ் சார் மேஜையில் இருக்கிறது, அவர் கையெழுத்து இல்லாமல் அது வெறும் காகிதம், எனக்கு முப்பத்துமூன்று வயது. உண்மையைச் சொன்னால் இந்தக் கட்டுரை மட்டும் போகாது, நாலு வருடத்தில் அந்த பாட்டிலில் செய்த எல்லாம் சந்தேகம், ஏற்கெனவே வெளிவந்த இரண்டும் சந்தேகம், அதில் ஒன்று என் பெயரில் வந்தது, அம்மா அதை லேமினேட் பண்ணி டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். போட்டால் என்ன ஆகும்? லூர்து அக்கா போவாள். சோப்பு வெடித்த கையோடு, கவனக்குறைவு என்று இங்கிலீஷில் பெயர் வாங்கிக்கொண்டு, எந்த லேபிலும் இனி பாட்டில் தொட முடியாமல். அப்படியானால் பேச்சே இல்லை, போட மாட்டேன், மூன்று பத்திலிருந்து இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை? தீசிஸ் பயம் என்றால் அது பரவாயில்லை, எல்லோருக்கும் உள்ளது. அது இல்லை. வேறு ஒன்று. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு வழுக்கிக்கொண்டு வேறெங்கோ போகிறது, அப்பாவிடம் போகிறது, ஓவனிடம் போகிறது, சாரைத் திட்டப் போகிறது. சாரைத் திட்டுவது சுகமாக இருக்கிறது. சாருக்கு இந்த யோசனை எப்படி வந்தது செண்பகம்? பாட்டில் கழுவுகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவருக்கு ஞாபகம் இருக்காதே, பத்தொன்பது வருடத்தில் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லையே. சொல். யாரும் கேட்கவில்லை, மெஷின் மட்டும்தான் ஓடுகிறது, சொல். கேள்வி வந்த அன்று, சார் மேஜையைத் தட்டி இது யார் தப்பு, யார் தப்பு என்று கத்தினபோது, எல்லோரும் என்னைப் பார்த்தபோது, நான் சொன்னேன். "பாட்டில் சரியா கழுவல போல சார்." ஆறு வார்த்தை கூட இல்லை. யோசித்துச் சொல்லவில்லை, பழி போடவேண்டும் என்றும் சொல்லவில்லை, அடி என் மேல் விழாமல் இருந்தால் போதும் என்று பக்கத்தில் இருந்தவள் மேல் தள்ளினேன். பதினெட்டு நாளாகிறது. அன்றிலிருந்து அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறேன். மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அவளை விட நன்றாகப் பாட்டில் கழுவிப் பார்த்தேன், நாற்பது நாற்பது மில்லியாக மூன்று தடவை ரத்தம் கொடுத்தேன். ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டேன். லேப் பேடில் ஒரு தாளைக் கிழித்துத் தமிழில் எழுதுகிறேன், இங்கிலீஷில் அப்புறம் மாற்றிக்கொள்ளட்டும், முதலில் இதை வாசிக்கவேண்டிய ஆளுக்குத் தமிழ்தான் தெரியும். கழுவியதில் குற்றமில்லை. நானே கழுவிச் சோதித்தேன், இரண்டு முறையும் ஒரே முடிவு. நாலு வருடமாகப் பாட்டில்களை உலர் சூட்டில் சுடவில்லை. சுடவேண்டும் என்று எனக்கும் பேராசிரியர் பத்மநாபனுக்கும் தெரியும். அதனால் அந்தக் காலத்து முடிவுகள் அனைத்தும், என் பெயரில் வெளிவந்தது உட்பட, மறுபடி செய்யப்படவேண்டும். பதினெட்டு நாளுக்கு முன்னால் பணியாளர் மேல் முதலில் பழி சொன்னவள் நான், அது பொய். எழுத்து கோணுகிறது, கோணட்டும். கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு அக்கா வருகிறாள், கையில் ட்ரே, பதினாறு பாட்டில், எல்லாம் தலைகீழாகப் பளபளவென்று. "இன்னா கண்ணு, மூஞ்சி ஒரு மாரி கீது, துன்னியா இல்லியா?" "அக்கா, இதைப் படிங்க." "நானா? கண்ணாடி எட்த்தாரல." "பெரிசாத்தான் எழுதியிருக்கேன்." ட்ரேயை வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு விரல் வைத்து வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடி மேலிருந்து வந்தாள், மறுபடி அங்கேயே நின்றது. நான் இங்கிலீஷ் காகிதத்தையும் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்து, அவள் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். விடுவித்துவிட்டோம் என்கிற வரியைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது, அவள் முகம் உடையவில்லை.

"இதுக்குத்தான் டீயா?" என்றாள். ஆமாம் என்றேன். "மாத்திரையும்?" "ஆமாக்கா." "பதினெட்டு நாளு எங்கூட குந்திகினு பேசிகினு இர்ந்தியே, ஒரு நாளு கூடவா வாயி வரல?" மன்னிச்சிருங்க என்று சொல்ல வந்தேன், கையைக் காட்டி நிறுத்தினாள். "அத்த உடு. சோப்புக்கும் போவாம, ஆவிக்கும் போவாம பாட்டில்ல இன்னா குந்திகினு கீது?" சொன்னேன். செத்த கிருமியின் தோல் என்றேன், சுட்டால்தான் போகும் என்றேன். "எதுல சுடணும்?" மூலையைக் காட்டினேன். "அது பூஜ சாமான் வெக்கிற பொட்டினு இல்ல நான் நென்ச்சிகினு இர்ந்தேன்," என்றாள், அதில் சிரிப்பு வந்திருக்கவேண்டும், எங்கள் இருவருக்கும் வரவில்லை. என் லேப் கோட்டுப் பையிலிருந்த பேனாவைக் கேட்காமலே உருவினாள், இங்கிலீஷ் காகிதத்தில் தன் பெயர் மேல் ஒரு கோடு போட்டாள், அது போதாதென்று குறுக்கே இன்னொன்று போட்டாள், அப்புறம் காகிதம் கிழிகிற வரை போட்டுக்கொண்டே இருந்தாள். "உம்மேல எனுக்கு ஆத்தரம் தீரல. சொம்மா அழுது தீத்துடலாம்னு பாக்காத. அது தனியா கீது," என்றாள். "இப்ப வா. சார் ரூம்ல நீ பேசுவியா, நான் பேசட்டா?" நான் பேசுகிறேன் என்றேன். சுற்றி ஓய்ந்த ரத்தம் அப்படியே கிடக்கட்டும், நாலு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. இரண்டு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நடந்தேன், பின்னால் அவள் ரப்பர் செருப்புச் சத்தம், எனக்கு அதைக் கேட்க வெட்கமாகவும் தெம்பாகவும் இருந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றாமல் கோணல் எழுத்தை வாசித்தார். முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் எனக்குப் பின்னால் நிற்பவளைப் பார்த்தார், அவள் ஏன் இங்கே என்பது போல. "லூர்து, நீ வெளிய இரு." அவள் அசையவில்லை. "இங்கதான் சார் நிப்பேன். என் பேரு கீதில்ல." சார் குரலைத் தாழ்த்தினார், அவர் குரல் தாழ்ந்தால்தான் பயப்படவேண்டும், ஆறு வருடத்தில் தெரிந்துகொண்டது. "செண்பகா, நீ என்ன செய்றேன்னு உனக்குத் தெரியுதா? உன் பேப்பர் போகும். உன் தீசிஸ் என் டேபிள்ல இருக்கு, பாத்துக்கோ. இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். யாருக்காக இதெல்லாம்?" தெரியும் சார் என்றேன். ரெண்டு வருடம் என்றதும் பயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இந்தத் தடவை பக்கத்தில் நிற்பவள் மேல் அதைத் தள்ளத் தோன்றவில்லை. "ரெண்டு வருஷம் செஞ்சிடறேன் சார். சுட்ட பாட்டில்ல செய்றேன்." அவர் தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார், எடுத்துப் போய்விடு என்று. நான் அதைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன், பேனாவை அதன் மேல் வைத்தேன்.

"கீழ பாருங்க சார். ரெண்டு கையெழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கேன். என்னோடதை நான் போட்டுட்டேன்."